பூஞ்சை மருந்தும் சிவப்பணுவும்

உடலுக்குள் புகுந்த பூஞ்சையைக் கொல்வது பாக்டீரியாவைக் கொல்வதைவிடக் கடினம். பாக்டீரியாவின் செல் மனித செல்லிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பூஞ்சையின் செல்லோ உட்கரு, சவ்வு, புரத உற்பத்தி எனப் பலவற்றில் மனித செல்லை ஒத்தது. ஆகவே ஒன்றைத் தாக்கும் மருந்து மற்றொன்றையும் தாக்கக்கூடும். இந்த ஆபத்து ஆய்வகத்தில் கண்கூடாகத் தெரிந்தது ரத்தச் சிவப்பணுவில்தான். அதைச் சிதைக்காமல் பூஞ்சையை மட்டும் அழிக்கும் முயற்சி, பூஞ்சை மருந்துகளின் வரலாற்றில் பெரும்பங்கு வகிக்கிறது.

1940-களில் ஆன்டிபயாட்டிக்குகளின் பயன்பாடு பெருகியதும், வாயிலும் குடலிலும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று அதிகரித்தது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் எலிசபெத் லீ ஹேசனும் வேதியியலாளர் ரேச்சல் ஃபுல்லர் பிரவுனும் அதற்கான மருந்தை மண்ணில் தேடினர். ஹேசன் நியூயார்க் நகரில் மண் நுண்ணுயிர்களை வளர்த்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, ஆல்பனியில் இருந்த பிரவுனுக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அவற்றிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். பூஞ்சையைக் கொன்ற பொருள்களில் பெரும்பாலானவை சோதனை விலங்குகளுக்கும் நஞ்சாக இருந்தன. வர்ஜீனியாவின் பால்பண்ணை ஒன்றின் மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நூர்சி என்ற நுண்ணுயிரே பயன்படத்தக்க மருந்தைத் தந்தது. 1950-இல் அறிவிக்கப்பட்ட அந்த மருந்து நிஸ்டாட்டின். ரத்தத்தில் செலுத்தினால் அது சிவப்பணுக்களைச் சிதைக்கும். குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் வாய், குடல், தோல் ஆகியவற்றின் தொற்றுகளுக்கு மட்டும் பயன்பட்டது.

ரத்தத்திலும் நுரையீரலிலும் மூளையிலும் பரவிய பூஞ்சைக்கு வேறு மருந்து தேவைப்பட்டது. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து ஸ்குவிப் நிறுவன ஆய்வாளர்கள் 1950-களின் நடுவில் ஆம்ஃபோடெரிசின் பி-யைப் பிரித்தெடுத்தனர். அது நீரில் கரையாது. பித்த உப்பு வகையான டீஆக்சிகோலேட்டுடன் கலந்தே நரம்பு வழியாக ஏற்ற முடிந்தது. அதுவரை உயிரைப் பறித்த பல தொற்றுகளிலிருந்து அது நோயாளிகளைக் காத்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை காய்ச்சல், குளிர்நடுக்கம், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தசோகை.

இத்தகைய மருந்துகளால் சிவப்பணு சிதைவதன் காரணத்தை 1960-களில் ஸ்டீஃபன் கின்ஸ்கி உள்ளிட்டோரின் ஆய்வுகள் தெளிவாக்கின. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் உண்டு. சிவப்பணுவின் சவ்வில் அதை ஒத்த கொலஸ்ட்ரால் உண்டு. பெரும்பாலான பாக்டீரியாக்களில் இரண்டும் இல்லை. அதனால் அவற்றை இம்மருந்துகள் தொடுவதில்லை. ஆம்ஃபோடெரிசின் எர்கோஸ்டெராலை அதிகம் நாடினாலும் கொலஸ்ட்ராலையும் பற்றிக்கொள்ளும். மருந்தின் மூலக்கூறுகள் பீப்பாயின் பலகைகள்போல் வட்டமாக நின்று சவ்வில் துளையிடுகின்றன. முதலில் பொட்டாசியம் வெளியேறுகிறது. துளையைவிடப் பெரிய ஈமோகுளோபின் உள்ளேயே தங்கி நீரை ஈர்க்கிறது. சிவப்பணு உப்பி வெடிக்கிறது. உட்கரு இல்லாததால், புதுப் புரதங்களை ஆக்கித் தன்னைச் சீர்செய்துகொள்ளவும் அதனால் இயலாது.

வெடிக்காமல் மடிவதும் உண்டு. அணுவுக்குள் கால்சியம் மிகுந்தால், சவ்வின் உட்புறத்தில் இருக்கவேண்டிய ஃபாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்புறத்துக்கு வருகிறது. அந்த அடையாளத்தைக் கண்ட விழுங்கணுக்கள் சிவப்பணுவை அகற்றிவிடுகின்றன. ஆயினும் ஆம்ஃபோடெரிசின் பெறும் நோயாளிகளின் ரத்தசோகைக்கு முக்கியக் காரணம் இவை அல்ல. எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் சுரப்பு குன்றி, புதிய அணுக்களின் உற்பத்தி குறைவதே பெரிய காரணம்.

1980-களில் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் கேப்ரியல் லோபஸ்-பெரஸ்டைன் குழு, மருந்தைக் கொழுப்பு நுண்குமிழிகளில் பொதிந்து சோதித்தது. சிவப்பணுச் சிதைவு வெகுவாகக் குறைந்தது. பூஞ்சையைக் கொல்லும் திறன் குறையவில்லை. இவ்வழியில் உருவான லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் 1990-களில் விற்பனைக்கு வந்தது. 2021-இல் இந்தியாவில் கரும்பூஞ்சை பரவியபோது மருத்துவமனைகள் தேடித் தவித்தது இந்த மருந்துக்காகத்தான்.

1970-களில் கண்டறியப்பட்ட எக்கினோகாண்டின் பி என்ற வேறு வகைப் பூஞ்சைக்கொல்லி, மனித செல்லில் இல்லாத பூஞ்சைச் சுவரின் குளூக்கானைக் குறிவைத்தது. ஆனால் அதன் கொழுப்பமிலப் பக்கச்சங்கிலி சிவப்பணுக்களைச் சிதைத்தது. எலை லில்லி நிறுவன வேதியியலாளர்கள் அச்சங்கிலியை நீக்கி வேறொன்றைப் பொருத்தினர். அந்தப் பணியின் தொடர்ச்சியாக 2006-இல் அமெரிக்காவில் அனிடுலாஃபங்கின் ஒப்புதல் பெற்றது.

இத்தகைய புதிய மூலக்கூறுகளின் தொடக்கச் சோதனைகளில் இன்றும் சிவப்பணுவுக்கு இடமுண்டு. உப்புநீரில் மிதக்கும் சிவப்பணுக்களோடு மருந்தைக் கலந்து, சிறிது நேரம் கழித்துச் சுழற்றிப் படியவைக்கிறார்கள். மேலே தெளியும் நீர் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதை ஒளியளவி கணக்கிடுகிறது. மிகச் சிவந்தால் அந்த மூலக்கூறு கைவிடப்படுகிறது, அல்லது திருத்தி அமைக்கப்படுகிறது.