விட்டாள், தீட்டு, சிவப்புப் புள்ளி

மராத்திப் பேச்சில் ஒரு பெண் மாதவிலக்காகியிருப்பதைச் சொல்ல 'காவ்ளா ஷிவ்லா' என்றொரு வழக்கு உண்டு. காகம் தீண்டிவிட்டது என்று பொருள். நம் 'வீட்டுக்குத் தூரம்' போன்ற இடக்கரடக்கல்தான். ஆனால் இதிலுள்ள வினையடியிலிருந்தே 'ஷிவாஷிவ்' என்னும் சொல்லும் பிறக்கிறது. அது தொட்டால் தீட்டு என்னும் சாதி ஒழுங்கின் பெயர். இன்னொரு சொல் 'விட்டாள்' (தமிழ்க் காதுக்கு வினைமுற்றாகவே ஒலிக்கும்). மாதவிடாய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அச்சொல்லே. தலித் ஒருவரின் தொடுகைக்கும் அச்சொல்லே. தமிழின் 'தீட்டு' இவ்வாறே இரு திசையிலும் இயங்குகிறது. அகராதியியலார் அதனைத் 'தீண்டு' என்பதோடு சேர்த்தே வைப்பர்.

மாதவிடாய் விழிப்புணர்வின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இச்சொற்களின் ஒரு பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர்: மூலையில் அமர்த்தப்பட்ட பெண், அவள் கைக்கு வந்துசேர்ந்த நாப்கின், படிப்படியாக அகன்ற கூச்சம். புனேயின் வரலாறு இவ்வளவில் அடங்குவதில்லை.

பூலே இணையரின் பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் சாதிச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரம் குறித்து எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. தலைக்கு மேல் கூரையின்றி மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தம் இனப் பெண்களின் நிலையை அதில் அவர் எழுதினார். 'விட்டாள்' என்னும் சொல்லின் இரு பொருளையும் ஒரே உடலில் சுமந்த பெண்கள் அவர்கள்.

அந்நகரிலேயே 1993-இல், குப்பை பொறுக்கி வாழும் பெண்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர்: காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத். காகிதம், கண்ணாடி, தகரம் என்று பெயரிலேயே தொழில் இருக்கிறது. எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பணியிலிருந்து கிளைத்த சங்கம் இது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 2008-இல் இதன் வழியே 'ஸ்வச்' கூட்டுறவு உருவாகி, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கியது. சேகரித்ததைக் கையால்தான் பிரிக்க வேண்டும். காகிதமோ பிளாஸ்டிக்கோ என்று எண்ணிப் பிரித்த பொட்டலத்துள் அயலார் ஒருவரின் இரத்தம் தோய்ந்த நாப்கின் இருக்கும். நாப்கின் பயன்பாடு பெருகப் பெருக இதுவும் பெருகியது. விழிப்புணர்வின் வெற்றி ஒரு கையில் சுகாதாரமாகவும் மறு கையில் நோய் அச்சமாகவும் வந்து சேர்ந்தது.

இப்பெண்கள் கண்ட தீர்வு எளியது. பழைய செய்தித்தாளில் சிறு பைகள் செய்து விற்றனர். பை இல்லையெனில் தாளில் சுற்றி, மேலே சிவப்புப் புள்ளி ஒன்று இடுமாறு வீட்டாரைக் கேட்டனர். மருந்துக் கடையில் நாப்கினைச் சுற்றித் தரும் கறுப்புப் பை மறைப்பதற்கானது; இந்தப் புள்ளியோ அறிவிப்பதற்கானது. மாதவிடாயின் குறிமொழியில் இதைவிடப் பெரிய மாற்றம் எதையும் நான் அறியேன். 2013-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பயன்படுத்திய நாப்கின்களை மூட்டையாகக் கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் அலுவலகங்களுக்கே திருப்பி அனுப்பினர். விற்ற பொருளின் முடிவுக்கு விற்றவரே பொறுப்பு என்பது அவர்கள் வாதம்.

2017 ஜூலையில் நாப்கினுக்கு 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டபோது நாடே பேசியது. 2018 ஜூலையில் அவ்வரி நீங்கியது. அதற்கு முன்பே வந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை அத்தனை பேர் படித்ததாகத் தெரியவில்லை. நாப்கினை அப்புறப்படுத்த உறையும் சேர்த்துத் தருமாறு அவ்விதிகள் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லின. புனேப் பெண்கள் கேட்டதில் ஒரு பகுதி அது. அதே விதிகள், உறையிலிட்ட நாப்கினை உலர்கழிவுக் கூடையில் போடுமாறு வீட்டாருக்குச் சொல்லின. காகிதமும் பிளாஸ்டிக்கும் கிடக்கும் கூடை அது; கையால் பிரிக்கப்படுவதும் அதுவே.