கணித வகுப்பில் திறன்வழிப் பிரிவு: ஒரு வரலாற்றுப் பார்வை

கணித வகுப்பில் திறன்வழிப் பிரிவு என்பது, ஒரே வயதுடைய மாணவர்களை அவர்கள் பெற்ற மதிப்பெண் அல்லது அடிப்படைத் திறனைக் கொண்டு தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையாகும். கணிதம் படிப்படியாக ஏறும் பாடம். வகுத்தல் தெரியாதவருக்குப் பின்னம் புரியாது. பின்னம் புரியாதவருக்கு இயற்கணிதம் எட்டாது. எனவே ஒரே அறையில் வெவ்வேறு படிகளில் நிற்கும் பிள்ளைகளை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி தமிழகத்தில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது.

திண்ணைப் பள்ளி

திண்ணைப் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்ற ஏற்பாடு இல்லை. மணலில் விரலால் எழுதத் தொடங்கும் பிள்ளை, பிறகு ஓலைக்கு மாறும். எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா போன்ற பின்ன அளவுகளையும், நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாத்து ஆகியவற்றையும் கற்கும். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேறினர். மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அந்தத் திண்ணை எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை. பெண் பிள்ளைகளும் மிகக் குறைவு.

சென்னை முறை

1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் தம் முறையைப் பற்றி 1797-இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். இது 'சென்னை முறை' எனப் புகழ்பெற்றது. இதில் மாணவர்கள் வயதால் அன்றி, தேர்ச்சியால் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். நன்கு படித்தவர் மேல் வகுப்புக்கு ஏறுவார். பின்தங்கியவர் கீழே இறங்குவார். பிரிவு நிலையானது அல்ல என்பதே இதன் சிறப்பு. பிற்காலத்தில் வயதும் ஆண்டுத் தேர்வும் சேர்ந்து வகுப்பைத் தீர்மானித்தபோது இந்த நெகிழ்வு மறைந்தது.

பொதுக் கணிதமும் காம்போசிட் கணிதமும்

பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் இருவகைக் கணிதம் இருந்தது. அன்றாட வாழ்வுக்கு வேண்டிய கணக்கு மிகுந்தது பொதுக் கணிதம். இயற்கணிதமும் வடிவியலும் கூடுதலாகக் கொண்டது காம்போசிட் கணிதம். கல்லூரியில் கணிதம், பொறியியல் பக்கம் போக நினைத்தவர்கள் காம்போசிட் எடுப்பதே வழக்கம். பொதுக் கணிதம் எடுத்த பிள்ளைக்கு அந்தப் பாதை பள்ளியிலேயே ஏறக்குறைய அடைபட்டது.

இதன் பொருளைத் திண்டுக்கல் சமவெளியில் உள்ள சின்னாளப்பட்டி போன்ற நெசவாளர் ஊரை நினைத்தால் உணரலாம். சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பள்ளி விட்டதும் தார் சுற்றவோ, சேலைக்கு முடிச்சுப் போடவோ உட்காரும் பிள்ளைக்கு வீட்டில் கணக்குப் பயிற்சி செய்ய நேரம் கிடைப்பதில்லை. அப்பிள்ளையின் குறைந்த மதிப்பெண் அறிவின் அளவா, நேரத்தின் அளவா? மதிப்பெண் பட்டியல் இதைச் சொல்வதில்லை. இதே ஊருக்கு அருகே அம்பாத்துறையில் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம், கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியைக் கைக்கொண்டது. நூலின் நீளமும் எடையும் அங்கே கணக்குப் பாடமாக முடியும். தறி வீட்டுப் பிள்ளைக்கு அது அந்நியமான பாடம் அல்ல.

1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பிறகு, பத்தாம் வகுப்பு வரை மாநிலப் பாடத்திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கணிதம் என்ற நிலை உருவானது. ஆயினும் 'ஏ' பிரிவு நன்றாகப் படிப்பவர்களுக்கு, கடைசிப் பிரிவு மற்றவர்களுக்கு என்ற எழுதாத வழக்கம் பல பள்ளிகளில் நீடித்தது.

பிற நாடுகளில்

சிங்கப்பூரில் கோ கெங் சுவீ தலைமையில் 1979-இல் வெளிவந்த அறிக்கையின்படி மாணவர்கள் தனித்தனிப் படிப்பு வழிகளாகப் பிரிக்கப்பட்டனர். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு அந்த வழிகள் நீக்கப்பட்டன. இப்போது ஒரே மாணவர் கணிதத்தை ஒரு நிலையிலும் தமிழை வேறு நிலையிலும் படிக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் நிலவிய பிரிவு முறை ஏழை, கறுப்பின மாணவர்களைப் பாதிக்கிறது என்று 1967-இல் நீதிமன்றம் அதைத் தடை செய்தது.

இன்றைய நிலை

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020 பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணிதத்தில் 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என இரு வினாத்தாள்களை வைத்துள்ளது. பாடமும் வகுப்பறையும் ஒன்றே. தேர்வு மட்டும் வேறு. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கின்றனர். 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்குத் 'திறன்' திட்டம் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் அடிப்படை எட்டாத மாணவர்களைக் கண்டறிந்து தனிப் பயிற்சி அளிப்பது இதன் நோக்கம்.

பயனும் ஆபத்தும்

மும்பை, வதோதரா நகரங்களில் பிரதம் அமைப்பு பின்தங்கிய பிள்ளைகளுக்கு நாளில் சில மணி நேரம் தனியே கற்பித்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்தபோது அப்பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. மாறாக, ஆண்டு முழுவதும் நிலையாகப் பிரித்து வைக்கும் முறையால் கீழ்க்குழுவினர் பயனடைவது அரிது என்றே பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அக்குழுவுக்கு எளிய பாடம் மட்டுமே கிடைக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர் மேல்குழுவுக்கே ஒதுக்கப்படுகிறார். 'நமக்குக் கணக்கு வராது' என்று பிள்ளையும் நம்பிவிடுகிறது.

ஆர். இராமானுஜம் தலைமையில் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழு, நம் கணிதப் பாடத்திட்டம் திறமைமிக்க சிலரையும், ஈடுபாடு இழந்த பலரையும் ஒருசேர ஏமாற்றுவதைச் சுட்டிக்காட்டியது. பெரும்பாலான பிள்ளைகளிடம் உள்ள கணித அச்சத்தையும் அது முக்கியச் சிக்கலாகக் கருதியது.

முடிவுரை

பிரிப்பதா, சேர்ப்பதா என்பதைவிட, எதற்காக, எவ்வளவு காலத்துக்குப் பிரிக்கிறோம் என்பதே முக்கியம். வகுத்தல் தெரியாத மாணவருக்கு வகுத்தலைக் கற்றுத் தருவதற்காக அமைத்த குழு, அவர் அதைக் கற்றதும் கலைய வேண்டும். நல்ல ஆசிரியர் முதலில் அக்குழுவுக்கே செல்ல வேண்டும். ஏறவும் இறங்கவும் வழியிருந்த பழைய திண்ணைப் பழக்கமும், எல்லோருக்கும் கதவு திறந்த இன்றைய பள்ளியும் இணைந்தால், தறி வீட்டுப் பிள்ளைக்கும் இயற்கணிதம் எட்டும்.