கிரேக்க மருத்துவ நூலில் நிலமும் அரசும்

ஹிப்போகிரட்டீஸ் என்னும் பண்டைக் கிரேக்க மருத்துவர் பெயரால் வழங்கும் நூல்கள் ஏறத்தாழ 60 ஆகும். அவை யாவும் ஒருவரே இயற்றியன அல்ல. அவற்றுள் ‘காற்றும் நீரும் இடமும்’ என்னும் நூல் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்ததாகக் கருதப்பெறும். நிலமே மக்கள் இயல்பை முடிவு செய்யும் என்னும் கொள்கைக்கு இதனை மூலமாகக் காட்டுவாரும் உளர். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அக்கால மருத்துவர் பலர் ஊர்தோறும் சென்று தொழில் புரிந்தனர். புதிய ஊரை அடையும் மருத்துவன், அவ்வூர் எத்திசை நோக்கியது, வீசும் காற்று யாது, பருகும் நீர் எத்தகையது, மக்களின் உணவும் உழைப்பும் யாவை என முதற்கண் ஆராய வேண்டும் என்கின்றது இந்நூல். தேங்கிய சதுப்பு நீரைப் பருகுவார்க்கு மண்ணீரல் பருத்துக் கடினமாகும் என்றும் கூறுகின்றது. மண்ணீரல் வீக்கம் மலேரியாக் காய்ச்சலின் அடையாளங்களுள் ஒன்று என்பதை இன்று அறிவோம். அந்நோயின் நுண்ணுயிரை லாவரான் 1880இலும், அது கொசுவினுள் வளர்வதை ராஸ் 1897இலும் கண்டனர். ஆகவே, காரணம் கூறுவதில் தவறினும், கண்டதைக் கூறுவதில் நூலாசிரியர் தவறினாரல்லர்.

நூலின் பிற்பகுதி ஆசியாவையும் ஐரோப்பாவையும் ஒப்பிடுகின்றது. ஆசியாவில் பருவங்கள் பெரிதும் மாறாமையால் மக்கள் மென்மையுடையராய்ப் போர்க்குணம் குன்றியுள்ளனர் என்பது ஆசிரியர் கருத்து. ஆயினும் அவர் அதனோடு அமைந்தாரல்லர். மன்னர்க்கு அடிமைப்பட்டோர் தம் வீரத்தின் பயனைத் தாம் பெறாமையால் போரை விரும்புவதில்லை என மற்றொரு காரணமும் காட்டுகின்றார். ஆசியாவிலேயே கொடுங்கோலர்க்கு ஆட்படாதோர், கிரேக்கராயினும் பிறராயினும், பெருவீரர் என்பது அவர் தரும் சான்று. நீள்தலையர் என்னும் இனத்தாரிடையே, குழந்தைகளின் தலையைப் பிசைந்தும் கட்டியும் நீட்டிய வழக்கம் நாளடைவில் பிறவி இயல்பே ஆயிற்று என்றும் எழுதுகின்றார். இவற்றால், மக்கள் இயல்பை ஆக்குவதில் வழக்கத்திற்கும் அரசிற்கும் அவர் இடமளித்தமை தெளிவாகும்.

அடுத்த நூற்றாண்டில் ‘அரசியல்’ எழுதிய அரிஸ்டாட்டில், ஆசியர் ஊக்கம் குன்றியவராதலின் என்றும் ஆளப்படுவோராய் உள்ளனர் என்றார். மருத்துவ நூலில் அடிமை நிலை கோழைமைக்குக் காரணம். அரிஸ்டாட்டிலிடமோ கோழைமை அடிமை நிலைக்குக் காரணம். இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னையதன்படி ஆட்சி மாறின் மக்களும் மாறுவர். பின்னையதன்படி அடிமை நிலை இயற்கையாகிவிடுகின்றது. நிலம் விதியாகும் என்னும் கொள்கையை மருத்துவ நூலின்மேல் ஏற்றுவோர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். நிலத்தை ஆராய்ந்த அம்மருத்துவர், நிலம் ஒன்றே போதும் என்றாரல்லர்.