படம் யாருடையது?

அந்தப் படத்தை முதலில் என் சித்தியிடம்தான் காட்டினேன். சித்தி நகராட்சியில் தெருக் கூட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. கறுப்பு வெள்ளைப் படம். புள்ளி போட்ட உடுப்பும் மூக்குக் கண்ணாடியுமாக மெலிந்த கறுப்பினப் பெண் ஒருவர் நிற்கிறார். ஒரு பக்கம் துடைப்பம். மறுபக்கம் தரை துடைக்கும் மாப்பு. பின்னால் அமெரிக்கக் கொடி மேலிருந்து கீழாகத் தொங்குகிறது. சித்தி கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொடப்பத்த ஏம்பா தலகீழா புடிச்சிருக்காங்க? கூட்டுறவங்க யாரும் இப்படிப் புடிக்க மாட்டாங்க. இது நிக்க வச்சி எடுத்த படம்."

கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைச் சித்தி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். நிற்க வைத்து எடுத்த படம்தான். கிராண்ட் வுட் என்ற வெள்ளை ஓவியர் 1930-இல் 'அமெரிக்கன் காதிக்' என்று ஓர் ஓவியம் தீட்டினார். வீட்டின் முன்னால் ஒரு விவசாயி வைக்கோல் அள்ளும் கவைக்கோலை நிமிர்த்திப் பிடித்து நிற்கிறார், பக்கத்தில் ஒரு பெண். உழைப்பும் பக்தியும் உள்ள அமெரிக்கா என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஓவியம் அது. அந்தக் கவைக்கோலின் இடத்தில் துடைப்பத்தை வைத்தார் கார்டன் பார்க்ஸ். ஆண்டு 1942. அந்தப் பெண்ணின் பெயர் எலா வாட்சன். வாஷிங்டனில் அரசு அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர். ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர்.

கார்டன் பார்க்ஸ் 1912-இல் கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளில் கடைசி. கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி. அம்மா இறந்ததும் மின்னசோட்டாவில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா புருஷன் கொஞ்ச நாளிலேயே வெளியே தள்ளினார். குளிரில் இரவு முழுக்க டிராம் வண்டியில் இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் போய்வந்து தூங்கியிருக்கிறார். பியானோ வாசித்தார், எச்சில் தட்டு எடுத்தார், ரயிலில் பரிமாறினார். ரயிலில் எவரோ விட்டுப்போன பத்திரிகையில் பஞ்சம் பிழைக்கப் போகும் விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்ததுதான் திருப்பம். சியாட்டில் நகரத்து அடகுக் கடையில் ஒரு பழைய கேமராவை வாங்கினார். பட்டம் கிடையாது. குரு கிடையாது. பிறகு செயின்ட் பால் நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு ஃபேஷன் படம், சிகாகோவில் கறுப்பர்களின் கலை மையத்தில் ஒரு இருட்டறை, 1942-இல் ரோசன்வால்ட் உதவித்தொகை. அந்த உதவித்தொகையைப் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவர்தான்.

அந்தத் தொகையை வைத்துக்கொண்டு வாஷிங்டனில் பார்ம் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷன் என்ற அரசுத் துறையின் புகைப்படப் பிரிவுக்குப் போனார். அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவர் முதல் நாளே பார்க்ஸிடம் கேமராவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துட்டு வா, கடையில் கோட்டு வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, சினிமா பார் என்று அனுப்பினாராம். எந்த இடத்திலும் பார்க்ஸை உள்ளே சேர்க்கவில்லை. தலைநகரமும் நம்மூர் டீக்கடையும் ஒண்ணுதான். கோபத்தோடு திரும்பி வந்தவரிடம் ஸ்ட்ரைக்கர் சொன்னது: தாழ்வாரத்தைத் துடைக்கிற அந்த அம்மாவிடம் போய்ப் பேசு.

பேசினார். எலா வாட்சனின் அப்பாவை வெள்ளைக் கும்பல் அடித்துக் கொன்றது, புருஷனைச் சுட்டுவிட்டார்கள், பேரப் பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வந்ததாகப் பார்க்ஸ் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கொடியும் துடைப்பமும். ஸ்ட்ரைக்கரே மிரண்டுபோனாராம், நம்ம வேலையே போயிடும் என்று. ஆனால் அந்த ஒரு படத்தோடு பார்க்ஸ் நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். வாரக்கணக்கில் அந்த அம்மாவின் பின்னாலேயே போனார். வேலைக்குக் கிளம்புவது, வீடு, பேரப் பிள்ளைகள், சாமி மேசை, சர்ச் எல்லாம் எடுத்தார். அவற்றில் எலா வாட்சன் யாருடைய சின்னமும் அல்ல, ஒரு பாட்டி. உலகம் சுற்றியது மட்டும் அந்தத் துடைப்பப் படம்தான்.

பிறகு 'வோக்' பத்திரிகைக்கு ஃபேஷன் படங்கள். 1948-இல் 'லைஃப்' பத்திரிகையின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் ஆனார். அங்கே சேரக் காரணமான ஹார்லெம் இளைஞர் கும்பல் பற்றிய தொகுதிக்கு அவர் எடுத்தது நூற்றுக்கணக்கான படங்கள். பத்திரிகை போட்டது 21. அந்தப் பையன் சிரித்ததும் வீட்டு வேலை செய்ததும் ஆசிரியர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அடிதடிதான் வேண்டியிருந்தது. படம் எடுப்பவன் நம் ஆளாக இருந்தாலும் படத்தைத் தேர்பவன் யார் என்ற கேள்வி இருக்கிறது, தோழர்களே.

1956-இல் அலபாமா. நிறப் பாகுபாட்டைப் பற்றிய கட்டுரைக்காக வண்ணத்தில் எடுத்தார். மொபைல் நகரத்தில் ஒரு கடையின் பக்கவாசல். மேலே சிவப்பு நியான் எழுத்தில் கறுப்பர்களுக்கான வழி என்ற பலகை. அதன் கீழே அழகான வெளிர் நீல உடுப்பில் ஒரு பெண், பக்கத்தில் சிறுமி. அந்தப் பெண்ணின் உள்ளாடைப் பட்டை தோளிலிருந்து லேசாக நழுவியிருக்கிறது. இன்னொரு படத்தில் வெள்ளைக் குழந்தைகளின் விளையாட்டு மைதானத்தைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கும் கறுப்புக் குழந்தைகள், முதுகு மட்டும் தெரிய. ரத்தம் இல்லை, போலீஸ் நாய் இல்லை. நல்ல உடுப்பு உடுத்தியவர்களை நிறுத்தி வைத்திருக்கிற ஒரு வாசலும் ஒரு வேலியும்தான்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? அந்தத் தொகுதியில் வந்த ஆலி லீ காசி என்ற பள்ளி ஆசிரியை, பாகுபாட்டைப் பற்றித் தன் மனசில் பட்டதைப் பத்திரிகையிடம் சொன்னார். இதழ் வெளிவந்ததும் வேலை போயிற்று. உள்ளூர்க் கடைக்காரர்கள் அந்தக் குடும்பத்துக்குச் சாமான் தர மறுத்தார்கள். கடைசியில் ஊரைவிட்டே போனார்கள், பத்திரிகை பணம் கொடுத்து வேறிடத்தில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. ஊர்க் கட்டுப்பாடு என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. படம் எடுத்தவர் ரயிலேறி நியூயார்க் போய்விட முடிந்தது. பார்க்ஸைக் குறை சொல்லவில்லை, அவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அங்கே திரிந்தார். ஆனாலும் இதைச் சொல்லாமல் அவரைப் பாராட்ட என்னால் முடியவில்லை.

பார்க்ஸ் 2006-இல் இறந்தார். சில வருடம் கழித்து, 2012 வாக்கில், அவருடைய பெயரிலான அறக்கட்டளையினர் ஒரு பழைய பெட்டியின் அடியில் தாளில் சுற்றி வைத்த பொட்டலத்தைக் கண்டெடுத்தார்கள். தொலைந்துபோனதாக நினைத்த அலபாமாப் படங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட வண்ண ஸ்லைடுகள். அவற்றிலிருந்து பெரிய அளவில் நிறமிப் பிரதிகள் போட்டார்கள். 2014-இல் அட்லாண்டா நகரத்து ஹை மியூசியத்தில் கண்காட்சி நடந்தது.

கலைப் பிரதி என்பது என்ன? ஒரு நெகட்டிவிலிருந்து ஆயிரம் படம் போடலாம். ஆயிரம் போட்டால் விலை இல்லை. அதனால் இத்தனைதான் என்று எண்ணிக்கையை நிறுத்தி, பத்தில் மூன்றாவது, பத்தில் நான்காவது என்று எண் போடுகிறார்கள். எடுத்தவர் தன் காலத்திலேயே, படம் எடுத்ததை ஒட்டிப் போட்ட வெள்ளி உப்புத் தாள் பிரதி என்றால் விலை இன்னும் ஏறும். மங்காத தாள், மங்காத மை, கையெழுத்து அல்லது முத்திரை. பத்திரிகைத் தாளில் வந்து மறுநாள் பொட்டலம் கட்டப் போகிற படத்துக்கு இப்படியொரு இரண்டாம் வாழ்க்கை. பார்க்ஸுக்கு இது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டுமே திறந்திருந்த சுவரில் ஒரு கறுப்பர் தொங்குவதைச் சும்மா வியாபாரம் என்று தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒரு கண்காட்சியும் நினைவுக்கு வருகிறது. இடம், பேர் வேண்டாம். மலக்குழியிலிருந்து தலை மட்டும் வெளியே தெரிய ஒரு மனிதர், ஆளுயரப் படம். கீழே அட்டையில் எடுத்தவர் பெயர், தாளின் வகை, ஐந்தில் இரண்டாவது பிரதி என்ற குறிப்பு. குழிக்குள் இருந்தவரின் பெயர் மட்டும் இல்லை. எலா வாட்சனின் பெயர் நமக்குத் தெரிந்திருக்கிறது என்றால் பார்க்ஸ் கேட்டு எழுதிக்கொண்டதால்தான்.

இன்னொன்றும் உண்டு. 1942-இல் அந்தப் படம் விற்பதற்காக எடுத்ததல்ல, அரசுக் கோப்புக்காக எடுத்தது. நெகட்டிவ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அரசுப் பணியில் எடுத்த படம் ஆதலால் காப்புரிமைத் தடை இல்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம். எண் போட்ட பிரதி சேகரிப்பாளரின் வீட்டிலும், எண் போடாத அதே படம் யார் வீட்டிலும் இருக்கலாம். நான் கணினியில் இறக்கி, டவுனில் ஃபிளக்ஸ் போடுகிற கடையில் கொஞ்சம் நல்ல தாளில் போட்டு வாங்கினேன். எங்கள் காலனி இரவுப் பள்ளியில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். அடியில் எலா வாட்சன், கார்டன் பார்க்ஸ் என்று இரண்டு பெயரையும் பையன்கள் எழுதினார்கள்.

சித்தி வந்து பார்த்தார். "பெஞ்சு மறைக்குது பாரு. ஆணிய இன்னும் கொஞ்சம் மேல அடி."