பெருஞ்செங்குழியமும் பம்பாய்த் தாய்மாரும்

செங்குழியம் தன் இயல்பான பருமனிலும் பெரிதாதல் தனியொரு நோயன்று. உடலினுள் நிகழும் கோளாறொன்றின் அடையாளமாகும். வளர்ந்தோரில் அதன் சராசரிக் கனவளவு ஏறத்தாழ 80 முதல் 100 பெம்ரோலீற்றர் வரையாகும். விற்றமின் பி12 அல்லது போலேற்று குறைவுறின், என்பு மச்சையிலுள்ள கலங்களின் பிரிவு தாமதமாகின்றது. கலத்தின் வளர்ச்சியோ நிற்பதில்லை. எனவே குழியங்கள் எண்ணிக்கையிற் குறைந்து உருவிற் பெருக்கின்றன. களைப்பு, மூச்சிரைப்பு, வெளிறல், நாவழற்சி என்பன இவ்வாறு விளையும் குருதிச்சோகையின் குணங்குறிகளாம். பி12 குறைவில் கைகால் விறைப்பும் தோன்றலாம். மிகையான மதுப்பழக்கம், ஈரல் நோய், தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு ஆகியனவும் குழியத்தைப் பெருக்கச் செய்யும்.

இவ்வடையாளத்தின் பின்னே வறுமையும் மறைந்திருக்கக்கூடும் என்பதை உணர்த்தியது பம்பாயில் நிகழ்ந்த ஆராய்ச்சியாகும். 1926 இல் மைனற், மேர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், உயிர்கொல்லியாக விளங்கிய ஒருவகைச் சோகையை ஈரலுணவு தணிக்கும் எனக் காட்டியிருந்தனர். 1928 இல் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் லூசி வில்ஸ் (1888–1964) பம்பாய் சேர்ந்தார். அங்கு ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளிடையே பெருஞ்செங்குழியச் சோகை கடுமையாகக் காணப்பட்டது. அவர் அப்பெண்களின் குருதியை மட்டுமன்றி உணவையும் ஆராய்ந்தார். வறியோரின் போசாக்கற்ற உணவே நோயின் மூலமென ஐயுற்றார். குன்னூரிலும் சென்னையிலும் அவர்தம் ஆய்வு தொடர்ந்தது.

விலங்குகளிற் பரிசோதித்த பின்னர், மதுவச் சாறாகிய மார்மைற்றை அவர் நோயாளருக்கு வழங்கினார். இலங்கையிலும் நன்கறியப்பட்ட அம்மலிவான உணவு நோயைத் தீர்த்தது. 1931 இல் இம்முடிவு வெளியாயிற்று. முன்னைய சோகைக்குப் பயன்பட்ட தூய்மையாக்கிய ஈரற்சாறு இப்பெண்களுக்குப் பயனளிக்கவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. ஒரே தோற்றமுடைய குழியங்களுக்கு வெவ்வேறு காரணங்கள் உண்டென்பது இதனாற் புலனாயிற்று.

'வில்ஸ் காரணி' எனப்பட்ட அப்பொருளே போலேற்று ஆகும். 1941 இல் பசளியினக் கீரையொன்றின் இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட போலிக்கமிலம், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாற் பெயர் பெற்றது. கருவுறுமுன் அதனை உட்கொள்ளல் சிசுவின் நரம்புக்குழாய்க் குறைபாடுகளைப் பெரிதும் தடுக்கும் என்பது 1991 இல் நிறுவப்பட்டது.

நுணுக்குக்காட்டியின் கீழ்க் குழியத்தின் பருமனை அளத்தல் எளிது. அக்குழியத்துக்குரியவள் என்ன உண்டாள், ஏன் அதனையே உண்டாள் என வினவுதலே அரிது. அவ்வினாவே பம்பாய்த் தாய்மாரின் உயிரைக் காத்தது. உலகத் தாய்மாருக்கும் பயன் தந்தது.