வறியோர் பள்ளியும் சமஷ்டிப் பணமும்

1965 ஏப்ரல் 11 ஆம் திகதி, டெக்சாசில் தாம் சிறுவயதிற் பயின்ற பள்ளிக்கூடத்தின் முன்னே, தம் முதல் ஆசிரியை அருகிருக்க, ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். வறியோரின் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளுக்கென அதன் முதலாம் பகுதி 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கிற்று. 1928 இல் கொட்டுல்லா என்னும் ஊரில் மெக்சிக்க வமிசப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர் ஜோன்சன். பசியோடு வகுப்புக்கு வந்தோரைக் கண்டவர்.

பணம் சென்ற வழி வேறு. வறியோர்க்குரிய நிதி பல மாவட்டங்களிற் பொதுச்செலவிலே கரைவதை 1969 இல் மக்களுரிமை அமைப்புகள் அம்பலப்படுத்தின. பின்னர்ப் பெற்றோர் ஆலோசனைச் சபைகள் கட்டாயமாயின. கூலிக்காரத் தாயொருத்தி கணக்குக் கேட்கலாம் என்பது சிறு காரியமா? றீகன் ஆட்சியில், 1981 இல், அக்கட்டாயம் நீங்கிற்று.

2002 இன் சட்டம் பரீட்சைப் புள்ளியையே அளவுகோலாக்கியது. 2009 இல் நலிந்த பாடசாலைகளைத் தூக்கிவிட 300 கோடி டொலர் வந்தது, நிபந்தனையும் உடன்வந்தது. அதிபரை மாற்றுக, ஆசிரியரிற் பாதிப்பேரையேனும் நீக்குக, பிறரிடம் ஒப்படைக்குக, அன்றேல் மூடுக! வறுமையின் குற்றத்துக்கு ஆசிரியன் தண்டம் இறுப்பதோ என நாம் கேட்கிறோம். றோட் ஐலண்டின் சென்ட்ரல் ஃபோல்ஸ் உயர்நிலைப் பாடசாலையில், 2010 பெப்ரவரியில், ஆசிரியர் அனைவரையும் நீக்கத் தீர்மானித்தனர். தொழிற்சங்கத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, மே மாதத்திலே அத்தீர்மானம் கைவிடப்பட்டது.

அத்திட்டத்தாற் புள்ளிகள் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்பதை 2017 இல் அரசின் ஆய்வே உரைத்தது. அதற்கு முன்பே, 2015 இன் சட்டம் பரிகாரத்தைத் தெரியும் உரிமையை மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் விட்டிருந்தது; அதிபர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரைக் கலந்தே திட்டம் வகுக்கவேண்டுமென விதித்துமிருந்தது.