பிள்ளையின் அளவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்



வேலை முடிந்து வந்த அப்பா குளிக்கப் போன நேரத்தில், அவருடைய கப்சாயை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய்ச் செம்மண் பாதையில் ஓட்டிப் பார்க்கும் பையன்களைத் தோட்டத்தில் நாம் பார்த்திருக்கிறோம். கால் தரைக்கு எட்டாது. ஆசை மட்டும் எட்டும். அந்தக் கப்சாய்க்கு ஒரு குட்டித் தம்பி உண்டு. அவன் கதையை இன்று சொல்கிறேன்.

1958ஆம் ஆண்டு ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' வண்டியை வெளியிட்டது. 'கப்சாய்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அதன் எஞ்சின் 49 சிசி. 1961இல் தோக்கியோ நகருக்கு வெளியே 'தாமா டெக்' என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டபோது, அதே எஞ்சினை ஐந்து அங்குலச் சக்கரங்கள் கொண்ட குட்டி வண்டியில் பொருத்திப் பிள்ளைகளை ஓட்டவிட்டார்கள். பெரியவர்கள் ஏறினால் முழங்கால் மடங்கி, கிளையில் குந்திய குரங்கைப் போலத் தெரிந்தார்களாம். 'மங்கி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவர் குறும்புக்காரர்தான்!

1969இல் அமெரிக்காவில் ஹோண்டா, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்திற்கு இத்தகைய வண்டிகள் 10,000த்தை இனாமாகக் கொடுத்தது. வழிதவறிப் போகவிருந்த பிள்ளைகளைச் சேர்த்து, ஒழுங்காக நடந்தால் வண்டி ஓட்டலாம் என்று ஆசை காட்டினார்கள். பிரம்பு செய்யாததைப் பெட்ரோல் செய்யும் என்று நம்பியது புதுமையான யோசனை அல்லவா?

பிள்ளைகளை நன்கு எண்ணிப் பார்த்துச் செய்த வண்டி என்றால், 1980களின் தொடக்கத்தில் வந்த யமஹா 'பி.டபிள்யூ. 50'ஐத்தான் நான் சொல்வேன். இருக்கையின் உயரம் ஒன்றரை அடிக்குச் சற்றே அதிகம். எடை ஏறத்தாழ 40 கிலோ. கியர் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு பிரேக்குகளும் சைக்கிளில் இருப்பதுபோல் கைப்பிடியிலேயே உள்ளன. சங்கிலிக்குப் பதிலாக மூடிய தண்டு சுழல்வதால் விரல் சிக்காது. எல்லாவற்றிலும் மேலானது ஒரு சிறு திருகாணி. முறுக்குப்பிடி எவ்வளவு திரும்பலாம் என்பதை அதைக் கொண்டு தகப்பனே கட்டுப்படுத்தலாம். பிள்ளை தேறத் தேற, அவரே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். விளக்கு கிடையாது, பொதுச் சாலைக்கு அது வரக்கூடாது.

நம் கப்சாயின் இருக்கையோ இரண்டரை அடி உயரம். எடையும் அந்தக் குட்டி வண்டியைப் போல் இரண்டு மடங்கு. அது வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காகச் செய்த வண்டி. அந்தத் திருகாணி அதில் இல்லை. மலேசியாவில் அதை ஓட்ட உரிமம் பெறுவதற்குப் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும்.